எழுந்து நின்று கேட்ட நான்காம் பகுதி

எங்கள் திருவண்ணாமலையில் மேலைநாட்டு இசை வாசிக்கும் பல்லியம் ஒன்று இருக்கிறது என்று வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மறுக்கிறார்கள். பிறகு வியக்கிறார்கள். பிறகு, அதை நடத்துகிறவர்கள் யார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கும்போதுதான் என் குரலில் இருக்கும் மரியாதை குறைந்துவிடுகிறது.

வாசிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தேவாலயத்தில் வயலின் பழகிய ஆசிரியைகள் சிலர், காவல்துறை இசைக்குழுவிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் சிலர், குளிர்காலத்தில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டினர் இருவர், கல்லூரி மாணவர்கள், மெல்லிசைக் குழுவில் விசைப்பலகை வாசித்துக்கொண்டிருந்த ஒருவர். இல்லாத கருவிகளுக்கெல்லாம் அவர்தாம் ஈடு. இவர்கள் வாரம் ஒருமுறை கூடி, பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்கு அஞ்சி அந்த வாரம் விட்டுவிட்டு, தம்மால் இயன்ற அளவு ஒழுங்காக வாசித்தார்கள். கேடு முழுவதும் இவர்களுக்கு மேலே இருந்தது.

தலைவர் செங்கம் சாலையில் தங்கும் விடுதி வைத்திருப்பவர். அதற்கு முன் வேங்கிக்கால் பக்கம் மனை பிரித்து விற்றவர். ஒத்திகைக்கு இடம் இல்லாமல் பல்லியத்தார் அலைந்தபோது தம் விடுதியின் மேல்தளத்தைத் திறந்துவிட்டார். இசைக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவே. இடம் கொடுத்தவரைத் தலைவராக்குவது நம்மவர் வழக்கம் என்பதால் தலைவரானார். நிகழ்ச்சி என்றால் அவருக்கு ஒரு மேடை, மேடையில் நாற்காலிகள், நாற்காலிகளில் அமர்ந்தவர்களுக்குப் பொன்னாடை. ஒரு பொன்னாடைக்கும் அடுத்த பொன்னாடைக்கும் இடையில் கூட்டம் சலித்துவிடாமல் இருக்க ஏதேனும் ஓசை வேண்டும். அந்த ஓசைக்காகத்தான் பல்லியம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில் கள்ளம் ஏதும் இல்லாததால் அவரைத் திருத்தவும் வழி இல்லாமல் போயிற்று.

பல்லியத்தின் முன் நின்று கோல் பிடிக்கும் நெறியாளர் வேறு வகை. தமிழர்தாம்; செருமனிக்குப் போய் மகிழுந்து உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பல்லாண்டு வேலை பார்த்துவிட்டு, மன அமைதி தேடி இங்கே வந்து குடியேறியவர். அங்கே தாம் குடியிருந்த ஊர்ப் பல்லியத்தில் வயலின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாராம். கடைசி வரிசையிலிருந்து பிறர் கோலையே பார்த்துக்கொண்டிருந்தவர், இங்கே வந்ததும் கோலைத் தாமே எடுத்துக்கொண்டார். சித்திரை வெயிலிலும் கறுப்பு மேலங்கி. ஒத்திகை தொடங்கும் முன் கண்களை மூடிக்கொண்டு கோலை உயர்த்துவார். மூடிய கண் இசை முடியும்வரை பெரும்பாலும் திறப்பதில்லை. அது தியானம் என்று அவர் எண்ணியிருக்கலாம். உயர்ந்த கோல் எப்போது இறங்கும் என்பது எதிரில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதே என் கணிப்பு.

அவர்களோடு எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பதாகையிலும் அழைப்பிதழிலும் தமிழ் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி என்னை நிர்வாகக் குழுவில் சேர்த்திருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் 'பல்லியம்' என்ற பழஞ்சொல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பதாகையின் மூலையில் பொடி எழுத்தில் இட்டு, நடுவில் தலைவரின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டார்கள். அன்றே நான் விலகியிருப்பேன். விலகாமல் இருந்ததற்குக் காரணம் என் தங்கை.

தங்கை கீழ்பென்னாத்தூரில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் மறைந்தபின் என் வீட்டின் பின்பகுதியில் குடியிருக்கிறாள். எங்கள் தெருவில் அறை எடுத்திருந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் செல்லோ வாசிப்பார். ஆள் உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழுக்கும் அந்தப் பெரிய நரம்புக் கருவியின் ஓசையைச் சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினாள். பல குளிர்காலங்கள் அந்த அம்மையாரிடம் கற்றாள். அவர் தம் நாட்டுக்கே திரும்பியபோது கருவியைத் தங்கையிடம் விட்டுச் சென்றார். அறுபது வயதுக்குமேல் கற்ற கலை என்பதால் அவள் பெரிய வித்தகி அல்லள். ஆனால் பள்ளி மணி அடிப்பதுபோல் நேரம் தவறாதவள். அவள் தொடங்கினால் அது தொடக்கம்.

இதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. விசைப்பலகைக்காரரிடமிருந்து சுருதி எடுத்து மற்றவர்கள் நரம்பைக் கூட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மெல்லிசைக் கச்சேரியில் பாடகரின் தொண்டைக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி வைத்த விசையை அவர் ஒருநாள் இறக்க மறந்து வந்துவிட்டார். அன்று காவல்துறைக் குழல்கள் ஒரு பக்கமும் வயலின்கள் மறுபக்கமும் இழுத்த இழுப்பைக் கேட்டு விடுதியில் தங்கியிருந்தவர்கள் மேலே ஏறி வந்தார்கள். அன்று முதல் சுருதி கொடுப்பது தங்கையின் பொறுப்பாயிற்று. நாளடைவில் சுருதி மட்டுமன்று, எந்த உருப்படியைத் தொடங்குவதென்றாலும் எல்லாருடைய கண்ணும் கண்மூடிய நெறியாளரை விட்டு அவள் வில்லுக்குப் போயிற்று. அவள் வில் நரம்பில் பட்டால் எல்லாரும் புறப்படுவார்கள். நெறியாளர் இதை அறியவே இல்லை. தம் கோல்தான் அவர்களை எழுப்புகிறது என்று எண்ணி மகிழ்ந்திருந்தார்.

பல்லியத்தின் முதல் பெரிய அரங்கேற்றத்துக்காக நான்கு பகுதிகள் கொண்ட, சிம்பொனி எனப்படும் ஒத்தின்னியம் ஒன்றை எடுத்துப் பழகினார்கள். அதன் நான்காம் பகுதி செல்லோவின் தனி வாசிப்பில் தொடங்குகிறது. சிறிது நேரம் மற்ற எல்லாரும் அமைதியாக இருக்க, அந்த ஒரு கருவி மட்டும் தாழ்ந்த குரலில் பேசும். பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். அந்தத் தனி வாசிப்பு தங்கையுடையது.

அதே காலத்தில் அவளுடைய இடக்கை விரல்கள் இறுகத் தொடங்கியிருந்தன. காலையில் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கா. வேலூர் மருத்துவர், மருந்து வலியைக் குறைக்குமே தவிர விரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது என்றும், அடுத்த ஆண்டு இந்த விரல்களை நம்பி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பேருந்தில் திரும்பி வரும்போது அவள் சன்னலைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, அந்த நாலாவது பாகத்த மட்டும் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் வாசிச்சிட்றேன். அப்புறம் இந்தக் கருவிய யாருக்காவது குடுத்துடலாம்."

அதன்பின் நாள்தோறும் காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை ஊறவைத்துவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்து அந்தப் பகுதியையே வாசித்தாள். எனக்கு மேலைநாட்டு இசை தெரியாது. ஆயினும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து மாதக்கணக்கில் கேட்டதில் எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் மோதிரவிரல் தடுமாறும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாயிற்று.

அரங்கேற்றத்துக்கு முந்தைய குழுக்கூட்டம் விடுதியின் மேல்தளத்தில் நடந்தது. தலைவர் நிகழ்ச்சி நிரலை வாயாலேயே அமைத்தார்.

"மொத்தம் நாலு பாட்டு இல்லியா?"

"நாலு பாட்டு இல்லீங்க. ஒரே பாட்டுதான், நாலு பாகம்," என்றார் நெறியாளர்.

"அப்போ இன்னும் சௌகரியம். நடுநடுவுல கேப் வுடுவீங்கல்ல? அந்த கேப்புல நம்ம ஐட்டங்கள வச்சுக்கலாம். மொதல் பாகம் முடிஞ்சதும் வரவேற்புரை, பொன்னாடை. ரெண்டாவது முடிஞ்சதும் வாழ்த்துரை. ஜனங்களுக்கும் போரடிக்காது."

ஓர் இசையமைப்பாளன் நான்கு பகுதிகளை ஒன்றோடொன்று கோத்து எழுதியதன் நடுவே வரவேற்புரையைச் செருகலாமா என்று நான் நெறியாளரைப் பார்த்துக் கேட்டேன். அவர் தம் கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே, ஐரோப்பாவிலும் பகுதிகளுக்கிடையே சற்று நிறுத்துவது உண்டுதான் என்றார். இருமுவதற்காக விடும் நேரத்தையும் வாழ்த்துரைக்கான நேரத்தையும் ஒன்றாக்கிய அந்த நேர்மையை என்னால் மறக்க இயலவில்லை.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். நாலாவது பாகம் உறுதியாக இருக்கும் அல்லவா?

"இன்னா டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? உங்களுக்காகத்தான இந்த ப்ரோக்ராமே," என்றார் தலைவர். விசைப்பலகைக்காரரிடமும் அவர் அதையே சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தானியில் வீடு திரும்பும்போது தங்கை சிரித்தாள்.

"எத்தன ஆண்டு விழா நடத்தியிருப்பேன் அண்ணா. கடைசில வச்ச டான்ஸு எதுவும் மேடை ஏறினதே இல்ல. சீஃப் கெஸ்ட் கெளம்பிடுவாரு. பொண்ணுங்க மொகத்துல பூசின பவுடரோட அழுதுட்டுப் போவும்."

அரங்கேற்றம் திருமண மண்டபம் ஒன்றில் நடந்தது. மணமக்கள் அமரும் மேடையில் பல்லியம். அதன் முன்வரிசையைப் பாதி மறைத்துக்கொண்டு தலைவரும் மற்றவர்களும் அமர நாற்காலிகள். கீழ்த்தளத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வத்தக்குழம்பு மணம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது. சிறப்பு விருந்தினர் பெரிய பதவியில் இருப்பவர். அவர் வரும்வரை இசை தொடங்கக்கூடாது என்று தலைவர் கட்டளையிட்டிருந்தார். வாசிக்கிறவர்கள் கூட்டிய நரம்புகள் வியர்வையிலும் வெப்பத்திலும் இளகும் அளவுக்கு அவர் தாமதமாக வந்தார். தங்கை தன் இடக்கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

முதல் பகுதி நன்றாகவே அமைந்தது. உடனே வரவேற்புரை. வரவேற்றவர், வந்திருந்தவர்களை மட்டுமன்றி வராதவர்களையும் வரவேற்றார். பொன்னாடைகள் தொடங்கின. தலைவர் விருந்தினருக்கும், விருந்தினர் தலைவருக்கும், இருவரும் நெறியாளருக்கும், நெறியாளர் மீண்டும் தலைவருக்கும் போர்த்தினார்கள். அவையின் முன்வரிசையில் அமர்ந்திருந்த என்னையும் மேடைக்கு அழைத்துப் போர்த்தினார்கள். வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசித்த ஒருவருக்கும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாம் பகுதிக்குப்பின் விருந்தினர் வாழ்த்துரை வழங்கினார். இசை மனத்துக்கு நல்லது என்பதை அவர் பலவாறாக விளக்கினார். மூன்றாம் பகுதி நடக்கும்போதே அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கீழ்பென்னாத்தூரில் ஒரு திருமண வரவேற்புக்கு அவர் போக வேண்டியிருந்ததாம். கூட்டத்தின் பின்வரிசைகள் பந்திக்காகப் படிக்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

மூன்றாம் பகுதி முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் விருந்தினர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தொகுப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். தொகுப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நிறைவாக, நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

நம் ஊர் விழாக்களை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நாட்டுப்பண் முடிந்தால் விழா முடிந்தது. அதற்குப்பின் யார் எதை வாசித்தாலும் அது பந்திக்குப் போகும் வழியில் கேட்கும் இரைச்சலே. விருந்தினர் பாதியில் எழுந்து போனார் என்ற பேச்சு வராமல் அவரை மதிப்போடு அனுப்பிவைக்கத் தலைவருக்கு இதைவிட நல்ல வழி தோன்றவில்லை. ஒத்தின்னியத்தின் கால் பங்கு எஞ்சியிருக்கிறது என்பது அவருக்கு மறந்துவிட்டது என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது அவர் நினைவில் எப்போதும் இருந்ததில்லை.

மண்டபம் முழுவதும் எழுந்தது. நானும் எழுந்தேன். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். நெறியாளர் ஒரு கணம் கையைப் பிசைந்தார். எதிர்த்து ஒரு சொல் சொல்ல அவருக்கு அப்போது வாய்ப்பு இருந்தது. அவர் தங்கையின் பக்கம் குனிந்தார். முன்வரிசையில் நின்ற எனக்கு அவர் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"டீச்சர், நேஷனல் ஆந்தம். சுருதி குடுங்க."

"நாலாவது பாகம்?"

"அத இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதற்குள் கண்ணை மூடிக் கோலை உயர்த்திவிட்டார். பல்லியத்தார் வழக்கம்போல அவள் வில்லைப் பார்த்தார்கள். அவள் வில்லை நரம்பில் வைத்தாள். சுவருக்கு அப்பால் மாதக்கணக்கில் நான் கேட்ட முதல் அடி, அந்தத் தாழ்ந்த குரல், மண்டபத்தில் எழுந்தது.

வயலின்காரர்களின் முகத்தில் ஒரு கணம் திகைப்பு ஓடியதைக் கண்டேன். ஒருவரும் வில்லை எடுக்கவில்லை. அவர்கள் இப்போது வாசிக்க வேண்டியது அமைதி என்று அவர்களுக்குத் தெரியும். விருந்தினர் கைகளை உடலோடு ஒட்டி நேராக நின்றபடி ஓரக்கண்ணால் தலைவரைப் பார்த்தார். தலைவர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளரின் கண்கள் மூடியிருந்தன. அவர் கண் திறந்தபோது வயலின்கள் சேர்ந்துவிட்டன. திறந்த கண்ணில் திகில் தெரிந்தது. ஆனால் கோல் தானாக அசையத் தொடங்கியது. பிறர் போகும் வழியே பின்தொடர்ந்து போவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

நாட்டுப்பண் என்று அறிவித்தாகிவிட்டது. கைப்பேசிகள் உயர்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தன. இந்நிலையில் முதலில் அசைந்தவன் யார் என்று நாளை ஊர் முழுவதும் பார்க்கும். விருந்தினரின் உதவியாளர் மெல்ல அருகில் வந்து ஏதோ முணுமுணுத்தபோது, விருந்தினர் உதடு அசையாமல் அவரை அதட்டித் துரத்தினார். அமர்ந்தால் அவமதிப்பு, நடந்தால் பெருங்குற்றம் என்ற அச்சத்தில் பதவிகள் அத்தனையும் விறைத்து நின்றன. எனக்குப் பக்கத்தில் நின்ற வங்கி மேலாளர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஐயா, அந்த டியூன் மாதிரி தெரியலியே?"

"முடியற வரைக்கும் அசையக் கூடாதுங்க," என்றேன்.

அவர் அசையவில்லை. கீழிருந்து கரண்டியோடு ஏறி வந்த சமையற்காரர் ஒருவரும், மேலே எல்லாரும் நிற்பதைக் கண்டு கரண்டியை இடுப்போடு சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டார். தலைவர் நன்றியுரைக்காக வைத்திருந்த கடைசிப் பொன்னாடை அவர் முன்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையை அந்தப் பட்டில் துடைக்கவும் அவருக்குத் துணிவு இல்லை. அந்தக் காட்சிக்காகவே அதுவரை அவர் செய்த அனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

தொடக்கம் முதலே நான் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனி வாசிப்பில் மோதிரவிரல் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை அவள் நெருங்கியபோது என் கை என்னை அறியாமல் மூடிக்கொண்டது. விரல் மடங்கவில்லை. அவள் அடுத்த விரலை இழுத்து அந்தச் சுரத்தைப் பிடித்தாள். ஒரு நூலிழை தாழ்வாகவே விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். பிறகு வயலின்களை அடுத்துக் குழல்கள் சேர்ந்தன, விசைப்பலகை சேர்ந்தது. முடியும் இடத்தில் காவல்துறைக்காரர்கள் தங்கள் பணிக்காலத்தையெல்லாம் நினைத்துக்கொண்டு ஊதினார்கள். நான்காம் பகுதி முழுவதையும் மண்டபம் எழுந்து நின்று கேட்டது. ஒருவர்கூட இருமவில்லை. ஐரோப்பாவில் எந்தப் பல்லியத்துக்கும் அப்படி ஓர் அவை வாய்த்திருக்காது.

அது முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. நாட்டுப்பண்ணுக்குக் கைதட்டும் வழக்கம் இல்லையே. அந்த அமைதிக்குள் தங்கை மறுபடி வில்லை எடுத்தாள். இம்முறை உண்மையான நாட்டுப்பண்ணை, உரிய வேகத்தில், குறையில்லாமல் வாசித்து முடித்தார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்ததால் அதற்கும் குறைவில்லை.

விருந்தினர் படியிறங்கும்போது தலைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு. ஆனா நல்லா இருந்துச்சு. இந்த மாதிரி எங்கயும் கேட்டதில்ல."

"நம்ம ஐடியாதான் சார்," என்றார் தலைவர். பின்னால் நின்ற நெறியாளர், அப்படி அமைப்பதுதான் ஐரோப்பிய முறை என்று சேர்த்துக்கொண்டார். ஒரே பொய்யை இருவர் இரண்டு முனையில் பிடித்துத் தூக்கிச் செல்வதைப் பார்த்தபடி நான் பந்திக்கு இறங்கினேன்.

தங்கை இலைமுன் உட்கார்ந்திருந்தாள். வலக்கையால் உண்டுகொண்டிருந்தாள், இடக்கை மடியில் கிடந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஜாஸ்திதான்," என்றாள். "அந்த ஒரு எடத்துல கம்மியா புடிச்சிட்டேன், கேட்டுதா?"

கேட்டது என்றேன். கேட்கவில்லை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த குழுக்கூட்டத்தில் அவளைக் கண்டிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்து நானும் சில சொற்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வீணாயிற்று. தலைவருக்கு அதற்குள் வேறு தெளிவு பிறந்திருந்தது. இனி எல்லா நிகழ்ச்சியிலும் நாட்டுப்பண்ணை முதலிலேயே அறிவித்துவிட்டுப் பிறகு மற்ற இசையை வாசித்தால் ஒருவனும் எழுந்து போக மாட்டான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு என் கோபம்கூடத் தகுதியற்ற இடத்தில் செலவாகிறது என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். கருவியை வயலின் வரிசையில் இருக்கும் ஆசிரியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், அவருக்கு விரல் நீளம் என்றும் சொன்னாள். அப்போது நெறியாளர் முதன்முறையாக உண்மையான கலக்கத்தோடு எழுந்தார். சுருதி கொடுக்க மட்டுமாவது அவள் வர வேண்டும் என்றார். வெறும் நரம்பை இழுப்பதற்கு இடக்கை தேவையே இல்லை என்றார். அவள் வராத போன வார ஒத்திகையில் ஏன் ஒருவரும் தொடங்கவில்லை என்பது தமக்குப் புரியவில்லை என்றும் சொன்னார்.

தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கண்ணத் தொறந்து வச்சுக்குங்க சார். ஆரம்பிச்சுடுவாங்க."

இப்போது அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கோல் பிடிக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இதுவரை வரவில்லை. தங்கை ஒருமுறை போய்வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாளாம். நாட்டுப்பண் என்று அறிவித்தபோதும், அதன் பெயரில் வேறு இசை தொடங்கிப் பாதிவழி போனபோதும், தான் மட்டும் எழவில்லை என்று சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்தாள்.